சதுக்கப் பூதத்தை மயிலாடுதுறைக்கு வரவழைக்கும் நாவல்: இதுவரை நடந்தது

பழைய தெய்வம் ஒன்று இன்றைய ஊருக்குத் திரும்பி வருகிற மாயப்புனைவு நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ராத்திரியில் எழுதுவதுதான். பாதிக்கு மேல் வந்துவிட்டது. எந்தத் தெய்வம், அதற்கு என்ன விதி, கதை எந்த ஊரில் நடக்கிறது என்பதெல்லாம் எப்படி முடிவானது என்று இங்கே எழுதி வைக்கிறேன். இதே வகையில் எழுத நினைப்பவர்களுக்குப் பயன்படலாம்.

தமிழில் இந்த வகைக் கதைக்கு முதல் தடையே தெய்வத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். கிரேக்கர்களின் சீயஸும் வட ஐரோப்பியர்களின் ஓடினும் பல நூற்றாண்டுகள் கோயிலும் பூசையும் இல்லாமல் கிடந்தவர்கள். அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்றாலே கதை தொடங்கிவிடும். முருகன் திரும்பி வருகிறான் என்று எழுதினால் "எங்கே போயிருந்தான்?" என்றுதான் நம் வாசகர் கேட்பார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களிடம் போய் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. மாயோன் பெருமாளாக இருக்கிறார். கொற்றவை காளியாகவும் துர்க்கையாகவும் ஊருக்கு ஊர் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வரவேண்டும் என்றால் முதலில் போயிருக்க வேண்டும். ஆகவே, வழிபாடு உண்மையிலேயே அற்றுப்போன தெய்வங்களைத் தேடினேன்.

முதலில் கண்ணில் பட்டவன் வருணன். தொல்காப்பியம் 'பெருமணல் உலகம்' என்று நெய்தலை அவனுக்குக் கொடுக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கொம்பை மணலில் நட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தக் கொம்பு, வாள் மாதிரி மூக்கு நீண்ட வேளா மீனுடையது என்று எடுத்துக்கொண்டு சில பக்கங்கள் எழுதினேன். இன்றைக்கு வேளா மீன் கிடைப்பதே அரிது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பதே குற்றம். தெய்வம் வந்து இறங்க வேண்டிய கொம்பை வீட்டில் வைத்திருந்தால் சிறை. நல்ல முடிச்சுதான். ஆனால் தொடர்ந்து எழுதவில்லை, காரணம் 2004 டிசம்பர் 26. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. அதே கரையில் ஒரு கடல் தெய்வம் விழிக்கிறது என்று எழுதினால், அன்றைக்கு அது எங்கே இருந்தது என்று நான் பதில் சொல்லியாக வேண்டும். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் இழப்புக்கு ஒரு கற்பனைக் காரணம் ஜோடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு பகுதியைத் திரும்பப் படித்தேன். புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் சொல்லப்படுகின்றன. திருடியவன் தலையில் திருடிய மூட்டையையே ஏற்றி ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் வெள்ளிடை மன்றம். முழுகினால் கூனும் குறளும் நேராகும் இலஞ்சி மன்றம். நஞ்சுண்டவரும் பித்தேறியவரும் சுற்றி வந்தால் தெளிகிற நெடுங்கல் மன்றம். அரசன் நீதி தவறினால் வாய் பேசாமல் கண்ணீர் விடும் சிலை நிற்கிற பாவை மன்றம். மீதமுள்ளது, பூதம் நிற்கும் நாற்சந்தியான பூத சதுக்கம். போலித் துறவி, ஒழுக்கம் மறைத்து நடக்கும் பெண், நம்பிக்கைத் துரோகம் செய்யும் அமைச்சன், பிறன்மனை விரும்புகிறவன், பொய்ச்சாட்சி சொல்கிறவன், புறங்கூறுகிறவன் ஆகிய ஆறு பேரையும் அந்தப் பூதம் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். அது போடும் குரல் நாலு காதம் கேட்கும்.

எனக்கு வேண்டிய தெய்வம் இதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. வேலை தெளிவாக இருக்கிறது, இடம் தெளிவாக இருக்கிறது, இன்றைக்கு அதற்குக் கோயில் இல்லை. நாற்சந்திகள் மட்டும் பெருகிக்கிடக்கின்றன.

அடுத்து, அது ஏன் புகாரில் இல்லை, இத்தனை காலம் எங்கே கிடந்தது? இதற்கும் பழைய நூலே வழி காட்டியது. சேர அரசன் ஒருவன் சதுக்கப் பூதரை வஞ்சிக்குக் கொண்டுவந்தான் என்று சிலம்பின் கடைசிப் பகுதி சொல்கிறது. பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்றும் இளஞ்சேரல் இரும்பொறை பூதரைக் கொண்டுவந்து நிறுவியதைச் சொல்கிறது. ஆக, பூதத்தை ஊர் மாற்ற முடியும். வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற வழக்கு ஆய்வாளர்களிடம் நீளமாக நடந்திருக்கிறது. நான் கரூரை எடுத்துக்கொண்டேன். காரணம், அங்கே ஓடும் ஆற்றின் பெயர் அமராவதி. இந்திரனுடைய நகரத்தின் பெயரும் அதேதான். ஆற்று மணலுக்குள் அது தூங்கியது, மணல் அள்ளிய பள்ளத்தில் விழித்தது.

கரூரில் இருந்து புகாருக்கு அதற்குத் தெரிந்த வழி ஆறு மட்டும்தான். அமராவதி காவிரியில் சேருகிற இடத்தில் இருந்து கிழக்கே நடக்கிறது. முக்கொம்பு, கல்லணை, கும்பகோணம், மயிலாடுதுறை. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனது பலருக்கு நினைவிருக்கும். ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய அணை. அந்த ராத்திரி பூதம் அந்த வழியாகப் போனது என்று எழுதியிருக்கிறேன். மதகை அது உடைக்கவில்லை. உடைகிற மதகுக்கு நடுவில் நின்று வெள்ளத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான். உண்மையில் நடந்த ஒன்றைக் கதையில் சேர்க்கும்போது பூதம் அதற்குச் சாட்சியாக இருக்கலாம், காரணமாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன்.

நடைப்பயணப் பகுதி எழுத எழுதப் பிடித்துப்போனது. ஆனால் கதை என்று ஒன்று நடக்கத் தொடங்கியது சிலம்பின் அடைக்கலக் காதையைப் படித்த பிறகுதான். மாடலன் என்ற மறையவன் கோவலனிடம், அவன் முன்பு செய்த நல்ல காரியங்களைச் சொல்லிக்கொண்டு வருவான். அதில் பூதத்தின் சம்பவமும் ஒன்று. ஒரு பத்தினியைப் பற்றி அவள் கணவனிடம் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்கிறான். பூதம் அவனைக் கயிற்றில் கட்டுகிறது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் ஓடிப்போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்று கேட்கிறான். பூதம் மறுக்கிறது: 'நரகன் உயிர்க்கு நல்லுயிர் கொண்டு பரகதி இழக்கும் பண்பு ஈங்கு இல்லை.' கோவலன் கண்முன்னாலேயே அந்தப் பொய்ச்சாட்சியை அடித்துக் கொல்கிறது. கோவலன் அந்தத் தாயோடு திரும்பிப் போய், அந்தக் குடும்பத்தையும் சுற்றத்தையும் பல வருஷம் பசியில்லாமல் காப்பாற்றுகிறான்.

சில வரிகளில் முடிந்துபோகிற சம்பவம். எனக்கு நாவலின் விதிகள் முழுக்க இதில் இருந்தே கிடைத்தன. பூதத்துக்கும் இழக்க ஒன்று இருக்கிறது, தவறான உயிரைத் தின்றால் அதன் பரகதி, அதாவது மறுமையின் நற்கதி, போய்விடும். உயிருக்கு உயிர் மாற்று கிடையாது. எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து உலுக்கியது, பொய் சொன்னவன் ஓர் ஏழை என்று இளங்கோ சொல்லிவிட்டுப் போவது. ஏன் பொய் சொன்னான், யாராவது காசு கொடுத்தார்களா, மிரட்டினார்களா? சொல்லவில்லை. நாவல் அந்த இடத்தில்தான் முளைத்தது.

என் கதையில் அவன் மணல் லாரி கிளீனர். முதலாளியின் மகன் லாரியை ஓட்டிச் சைக்கிளில் போன ஒருவரைக் கொன்றுவிடுகிறான். டிரைவர்தான் ஓட்டினார் என்று கிளீனர் கூண்டில் ஏறிச் சொல்கிறான். டிரைவர் உள்ளே போகிறார். கிளீனர் கோர்ட்டில் இருந்து வெளியே வந்து நாற்சந்தியைக் கடக்கிற இடம் இப்படி வந்திருக்கிறது:

"கழுத்தில் அரித்தது. காலரைத் தளர்த்தினான். அரிப்பு காலருக்குக் கீழே இல்லை, தோலுக்கு அடியில் இருந்தது. சிக்னல் பச்சைக்கு மாறியது, வண்டிகள் நகரவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தூக்கிய கையை இறக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்காமல் எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவன் மட்டும் தரையைப் பார்த்தான். தார் ரோட்டில் அவன் நிழலைச் சுற்றி ஒரு கயிற்றின் நிழல் இருந்தது."

பூதம் பேசுவதை அகவலில் எழுதியிருக்கிறேன், சிலம்பின் பா அதுதான் என்பதால். கயிறு வீசும்போது மட்டும்தான் அது பேசும், மற்ற நேரம் பேச்சில்லை. முதல் முறை வாய் திறப்பது இது (பொய்க்கரி என்றால் பொய்ச்சாட்சி, பாசம் என்றால் கயிறு):

பொய்க்கரி போனவன் புகலிடம் யாது?
கைப்படு பாசம் காத்துக் கிடந்தது;
நெடுநாள் துயின்றேன் யானே;
கொடியோன் எங்குளன் கூறுமின் நீரே.

நாலு காதத்துக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு உண்டு. மயிலாடுதுறையில் கத்தினால் பூம்புகார் கடற்கரையில் கேட்கும் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். பூதத்தின் பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள், பொய்ச்சாட்சியை விலைக்கு வாங்கியவன் இல்லை. கிளீனர் மாட்டுவான், முதலாளி தப்புவார். இன்றைய சட்டம் இந்த இடத்தில் பூதத்தைவிட அகலமாகப் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பொய்ச்சாட்சிக்கு 229-வது பிரிவு, நீதிமன்ற வழக்கில் சொன்னால் 7 வருஷம் வரை சிறை. மிரட்டிப் பொய்ச்சாட்சி சொல்ல வைப்பதற்கு 232 என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு நிரூபணம் வேண்டும். பூதத்துக்கு வேண்டாம், அதற்குத் தெரியும். தெரிந்தும் பட்டியலைத் தாண்ட முடியாத தெய்வம் ஒரு பக்கம், பட்டியல் நீளமாக இருந்தும் தெரிந்துகொள்ள முடியாத கோர்ட்டு இன்னொரு பக்கம். இரண்டும் அந்த நாற்சந்தியில் எதிரெதிரே நிற்கின்றன. தெய்வம் வந்து தீயவர்களை அழித்தது என்று முடிகிற கதையில் எனக்கு ஆர்வமே இல்லை. இந்த இடைவெளிதான் என்னைத் தினமும் எழுத உட்கார வைக்கிறது.

கோவலன் இடத்தில் யாரை நிறுத்துவது என்பதில் ரொம்ப நாள் போனது. கிளீனரின் அம்மா, சட்ட உதவி மையத்தின் வக்கீல் என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில் வந்து நின்றவள் சிறையில் இருக்கும் டிரைவரின் மனைவி. கிளீனர் சாக வேண்டும் என்று ஆசைப்பட எல்லா நியாயமும் உள்ளவள். ஆனால் அவன் செத்தால் அவள் புருஷனை வெளியே கொண்டுவர உண்மை தெரிந்த வாய் மிச்சமிருக்காது. அதனால் அவள் தன் உயிரைக் கொடுக்க வரவில்லை. வாய்தா கேட்கிறாள். முன்பு விசாரித்த சாட்சியைத் திரும்ப அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 311-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 348. மறுபடி கூண்டில் ஏறி அவன் உண்மையைச் சொல்லட்டும், அதுவரை கயிற்றை இறுக்காதே என்கிறாள்.

அவள் வெறுங்கையோடு வரவில்லை. சிலம்பில் இந்திரவிழாவுக்கு நாளங்காடிப் பூதத்துக்குப் புழுக்கல் (அவித்த பயறு), நோலை (எள்ளுருண்டை), நிணச்சோறு, பூ, புகை, பொங்கல் படைப்பார்கள். அது வேறு பூதம், இருந்தாலும் அந்தப் படையலை எடுத்துக்கொண்டேன். அவள் சந்தியில் தள்ளுவண்டி போட்டிருப்பவள். சுண்டலும் எள்ளுருண்டையும் அவள் தினமும் விற்பதுதான். வாழையிலையை ரோட்டில் விரித்து, கொண்டைக்கடலைச் சுண்டலை அள்ளி வைத்து, அதன் தலையில் நாலு எள்ளுருண்டை வைக்கிறாள். காற்றில் இலை மடங்காமல் இருக்க வண்டியில் இருந்த எடைக்கல்லை ஓரத்தில் வைக்கிறாள். பூதம் முதலில் அந்த எடைக்கல்லைத்தான் தொட்டுப் பார்க்கிறது. எடை சரியாக இருக்கிறது. அப்புறம்தான் சாப்பிடுகிறது. இந்தக் காட்சியை எழுதி முடித்த ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பூம்புகாருக்கும் போய் வந்தேன். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையைப் பார்த்தேன். பெரிய செங்கல், மேலே புல். பூதம் தன் பழைய ஊரில் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்று தோன்றியது. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை அது பார்க்கும் காட்சியையும் யோசித்து வைத்திருக்கிறேன், இன்னும் எழுதவில்லை.

இனி வரவேண்டியது மறுவிசாரணை. கிளீனர் உண்மையைச் சொன்னால், முன்பு சொன்னது பொய் என்று அவனே ஒப்புக்கொள்கிறான், சட்டப்படி அவன் மேல் வழக்கு வரும். பூதம் என்ன செய்யும்? பொய் சொன்னவன் பிறகு திருத்திச் சொன்னால் விடுமா என்று சிலம்பு எங்கேயும் சொல்லவில்லை. அங்கே யாரும் திருத்திச் சொல்லவில்லை. கயிறு அவிழ்கிற வடிவம் ஒன்றும், அவிழாத வடிவம் ஒன்றும் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். அவிழ்ந்தால் முதலாளி என்ன ஆவார் என்பதற்குக் கோர்ட்டுதான் பதில் சொல்ல வேண்டும், பூதம் சந்தியிலேயே உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. குறுக்கு விசாரணைப் பகுதியை வழக்கறிஞராக இருக்கும் நண்பரிடம் கொடுத்து நடைமுறை சரியா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் குறிப்பு வந்ததும் அந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்குவேன்.