பாதி வாசிப்பில் ஒரு கருத்து

புத்தகத்தை முழுதாகப் படித்த பிறகுதான் கருத்துச் சொல்ல வேண்டும் என்பார் என் நண்பர். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 1976இல் வந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ கையில் இருக்கிறது, பாதி தாண்டிவிட்டேன்.

மங்கத்தாயாரு அம்மாள் வாய் திறந்ததும் கதை வேறு வேகம் எடுக்கிறது. தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்குப் பயந்து தெற்கே ஓடிவந்தது, காட்டை அழித்து நிலமாக்கியது எல்லாம் பாட்டி சொல்லச் சொல்ல விரிகிறது. குறுக்கே ஒரு கேள்வி கேட்கத் தோன்ற வேண்டுமே!

நண்பர் மசியவில்லை. “கதாநாயகன் எங்கே? இது நாவலா?” என்கிறார். நியாயம்தான். ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டே போகிற வாசகருக்கு இது பிடி கொடுக்காது. ஒருவர் வருவார், அவருடைய பட்டப்பெயர்க் கதை ஓடும், பிறகு ஆளையே காணோம். எனக்கோ அந்தப் பட்டப்பெயர்ப் பக்கங்கள்தான் வெல்லம்.

தொடக்கத்தில் வரும் கொலையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நகைக்காகத் தண்ணீருக்குள் அமுக்கப்படும் பெண், அமுக்கியவனின் கால் விரலைக் கடித்த கடியை விடாமலே செத்துப்போகிறாள். “கெட்டிக்காரி” என்று ஒரே சொல்லில் விமர்சனத்தை முடித்துவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டார்.

அடுத்து இதன் தொடர்ச்சியான, 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’. என் பிரதியை இரவல் வாங்கிப் போனவர் இரண்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை. அவரும் இந்தப் பதிவைப் படிப்பார் என்று நம்புகிறேன்.