தண்ணீர் குடிக்காத அடாக்ஸ்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்று ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் டெல்டாக்காரர்களுக்கு, மாதக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் வாழும் ஒரு மான் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். கோடியக்கரை வெளிமானுக்குத் தூரத்து உறவான அடாக்ஸ், சகாராவின் மணற்பரப்புக்கே உரிய உயிர். வெளிமானில் ஆணுக்கு மட்டுமே முறுக்குக் கொம்பு உண்டு. அடாக்ஸில் பெண்ணுக்கும் உண்டு. நெற்றியில் அடர்ந்த பழுப்பு முடிக்கற்றையும், அதற்குக் கீழே மூக்கின் குறுக்கே பெருக்கல் குறிபோல் ஒரு வெள்ளைப் பட்டையும் இருக்கும். குளிர்காலத்தில் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும் உடல், வெயில் ஏற ஏற ஏறக்குறைய வெள்ளையாகி வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பகலில் குளம்பால் மணலைப் பறித்துக் குழியில் படுத்திருந்து, இரவின் குளுமையில் பனி படிந்த புல்லையும் இலையையும் மேய்ந்தே உடலுக்கு வேண்டிய நீரைத் தேடிக்கொள்கிறது.

மணலில் புதையாமல் நடக்க உதவும் அகன்ற குளம்பே அதற்கு எமனாகவும் ஆனது. மற்ற மான்களைப்போல் அதனால் விரைந்து ஓட முடியாது. ஆகவே, துப்பாக்கியோடு வண்டியில் துரத்துபவர்களிடமிருந்து தப்புவது அரிது. நைஜர் நாட்டின் டெர்மிட் பகுதியில், 2012-இல் அடாக்ஸ் உள்ளிட்ட உயிர்களுக்காகப் பெரும் காப்பகம் அமைக்கப்பட்ட பின்பும், எண்ணெய் எடுக்கும் பணியும் அதற்குக் காவலாக வந்த படைவீரர்களின் வேட்டையும் சேர்ந்து அடாக்ஸை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 2016-இல் வானிலிருந்தும் தரையிலும் தேடியவர்கள் கண்டது மூன்றே மூன்று அடாக்ஸ்களை. 2019-இல் காப்பகத்தின் எல்லையே எண்ணெய்க்காக மாற்றி வரையப்பட்டது.

எண்ணெய்க் கிணறு வயலை என்ன செய்யும் என்பதை நேரில் கண்டு போராடிய நமக்கு, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. அடாக்ஸுக்காக மறியல் செய்ய அந்த மணல்வெளியில் ஊர்கள் இல்லை. அதன் நிலத்தைக் காக்காமல், உயிரியல் பூங்காக்களில் நூற்றுக்கணக்கில் அதை வளர்ப்பதால் மட்டும் இனம் பிழைத்துவிட்டது என்று சொல்ல என்னால் இயலவில்லை.

நிலம் காக்கப்பட்டால் மீட்சி உண்டு என்பதற்கு சாட் நாடு சான்று. காட்டில் அற்றுப்போன இனம் என்று அறிவிக்கப்பட்டிருந்த வளைகொம்பு ஓரிக்ஸ் மான்களை 2016 முதல் அங்குள்ள காப்பகத்தில் விட்டார்கள். அவை ஈன்று பெருகியதால், 2023-இல் அந்த இனம் அழியும் நிலையிலுள்ளவற்றின் வரிசைக்கு மீண்டது. அதே காப்பகத்தில் 2020 முதல் அடாக்ஸ்களையும் விட்டு வருகிறார்கள்.