கொப்பியை விடுங்கள், குதிக்காலைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எந்த மாடிக்கு ஏறினாலும் ஒரு வீட்டிலாவது கட்டிலில் ஒரு அம்மம்மா, பக்கத்தில் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சி அனுப்பிய பிள்ளை, கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் மேற்பார்வை பார்க்கும் மகன் என்று ஆகிவிட்டது. பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு எங்கள் வீடும் அப்படித்தான். எந்த ஏஜென்சி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை, எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

யூனிபோமையும் சிரிப்பையும் வைத்து ஒன்றும் தெரியாது. நர்ஸ் என்று அனுப்புகிறார்களே, அவர் இலங்கைத் தாதியர் சபையில் பதிவுள்ள தாதியா, என்.வி.க்யூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள பராமரிப்பாளரா, வேலையிலேயே பழகியவரா என்று நேரே கேளுங்கள். குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்க மூன்றாமவரே போதும், சிலவேளை அவர்தான் திறமாகவும் செய்வார், ஆனால் மூக்குக் குழாய், இன்சுலின் என்று வந்தால் கதை வேறு.

அப்புறம், பராமரிப்பாளர் நாளாந்தம் எழுதும் அந்தக் கொப்பி. பிரஷர், சுகர், குளிசை, நித்திரை என்று எல்லாம் அழகாகக் கோடு போட்டு எழுதியிருக்கும். எங்கள் முதல் ஏஜென்சியின் கொப்பியை ஒருநாள் பின்னேரம் திறந்தால், இரவு ஒன்பது மணிக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, பிரஷர் 120/80! பிரஷர் மெஷினும் சுகர் மெஷினும் பெரும்பாலும் பழைய அளவுகளைத் தாமே சேமித்து வைக்கும், பட்டனை அமத்திக் கொப்பியோடு ஒப்பிட்டால் முடிந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் வீடியோ கோலில் இதைச் செய்யச் சொல்லலாம்.

ஆனால் கொப்பி பொய் சொன்னாலும் உடம்பு பொய் சொல்லாது. படுத்த படுக்கையானவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிட வேண்டும் என்பார்கள். நடந்ததா என்று யாரையும் விசாரிக்க வேண்டாம், குதிக்கால், இடுப்பின் பின்பக்க எலும்பு, தோள்பட்டை, இந்த மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமத்தி எடுத்தால் ஒரு கணம் வெளிறிப் பிறகு நிறம் திரும்ப வேண்டும், வெளிறாமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, அதனால் அந்த இடம் சுடுகிறதா, கட்டியாக இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். வாயையும் திறந்து பாருங்கள், கன்னத்துக்குள் மத்தியானச் சோறு ஒதுங்கியிருந்தால் அவசரமாக ஊட்டியிருக்கலாம், பக்கவாதக்காரருக்கு அது நெஞ்சுக்குள் போனால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும்.

மொழி ஒரு பிரச்சினைதான், வருபவர்கள் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள். இப்போது இருக்கும் பிள்ளை வந்த கிழமையே "நோகுதா" என்று கேட்கப் பழகிவிட்டாள், அதுவே எனக்குப் பெரிய தகுதி.

மாற்று ஆள் விஷயத்தைக் கடைசிவரை யாரும் கேட்பதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள், போகவும் வேண்டும், அவர்களுக்கும் அம்மா இருக்கிறார். ஏப்ரல் 13 இரவு யார் வருவார், அவருக்கு யார் வேலையைக் காட்டிக் கொடுப்பார் என்று பெப்ரவரியிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், "பார்த்துச் சொல்றோம்" என்றால் அந்தக் கிழமைக்கு லீவு போடுவது நீங்கள்தான்.