குடையை மறக்கும் பாதிரியார்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் பள்ளி நினைவு ஏதாவது எழுதச் சொன்னார்கள். காற்பந்து, விளையாட்டுப் போட்டி, கேண்டீன் நாசி லெமாக் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு அங்கே நூலகத்தை விட்டால் வேறு போக்கிடம் இருந்ததில்லை. அதனால் நான் எழுதக்கூடியது, பாதிரியார்கள் துப்பறியும் கதைகளைப் பற்றித்தான்.

1970களின் கடைசியில் பினாங்கில் நம்மோடு படித்தவர்களுக்கு நூலகத்தைப் பார்த்துக்கொண்ட பிரதரை நினைவிருக்கும். வெள்ளை அங்கி, எப்போதும் சட்டைப்பையில் ஒரு பென்சில். கத்தோலிக்கத் துறவிகளான லசால் சபைப் பிரதர்கள் பாதிரியார்கள் அல்லர். பூசை வைக்கவோ, பாவசங்கீர்த்தனம் (மக்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வேண்டுவது) கேட்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இந்துப் பையன்களான எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரிந்தது? சனிக்கிழமை பி.ஓ.எல். (தாய்மொழி) தமிழ் வகுப்பு முடிந்ததும், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் வாங்கிய தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளை நூலக மேசைக்கடியில் கைமாற்றிக்கொள்வோம். ஒருநாள் பிடிபட்டோம். பிரதர் திட்டவில்லை. கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சங்கர்லால் தேநீர் குடித்தால்தான் மூளை ஓடும் என்றதும் சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் வந்தவர் குள்ளமான, உருண்டை முகப் பாதிரியார். குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாமல் கீழே போட்டுக்கொண்டே இருப்பார். ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன்.

அந்தப் பாத்திரம் 1910இல் அச்சில் வந்தது. செஸ்டர்டன் கத்தோலிக்கராக மாறியது 1922இல்தான். முதல் இரண்டு தொகுதிகளை எழுதும்போது அவர் அந்தச் சபைக்கு வெளியே நின்றவர். யார்க்ஷயரில் அவருக்கு ஜான் ஓ'கானர் என்ற பாதிரியார் பழக்கம். மனிதர்கள் செய்யும் கொடுமைகளைப் பற்றி அவர் சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு செஸ்டர்டனே ஆடிப்போனார். அன்றைக்கே இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், மடத்துக்குள் அடைந்து கிடக்கும் பாதிரியாருக்கு உலகத்தின் தீமை என்ன தெரியும் என்று பேசிக்கொண்டார்களாம். அந்த முரண்பாட்டிலிருந்துதான் ஃபாதர் பிரவுன் பிறந்தார். ஊரார் பாவத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறவரைவிடக் குற்றத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்?

பிரதர் எங்களை ஒரு ஃபாதர் பிரவுன் கதையில் மாட்டிவிட்டது இன்னும் மறக்கவில்லை. லண்டனில் ஒரு அடுக்குமாடி வீடு. நான்கு பேர் வாசலைக் கண்காணிக்கிறார்கள். யாருமே உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். ஆனால் உள்ளே கொலை நடந்திருக்கிறது. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இன்று காலை முதல் நூலகத்துக்குள் வந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள் என்றார். ஆசிரியர்கள், சீனியர்கள், தலைமை மாணவன் என்று எல்லோரும் எழுதினோம். எங்கள் கண் முன்னாலேயே தரையைக் கூட்டிவிட்டுப் போன தமிழ் அண்ணனை ஒருவரும் எழுதவில்லை. தினமும் எங்களிடம் "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்கிறவர் அவர். பிறகு பிரதர் மிச்சக் கதையை வாசித்தார். லண்டனில் உள்ளே போய் வந்தவன் தபால்காரன். கதை வெளிவந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் முடிவைச் சொல்வதில் பாவமில்லை.

புதிராக மட்டும் பார்த்தால் செஸ்டர்டன் சில இடங்களில் அழுகுணி ஆட்டம் ஆடுவார் என்பது என் கருத்து. வாசகன் கண்டுபிடிக்கவே முடியாத தாவல்கள் உண்டு. கீழைநாட்டவர் வரும் கதைகளில் சில வரிகளை இன்று படித்தால் முகம் சுளிக்கும். ஆனாலும் ஃபாதர் பிரவுன் காலடித் தடத்தை அளந்துகொண்டிருக்க மாட்டார். தன்னையே கொலைகாரனாக நினைத்துப் பார்த்து, அவன் மனத்துக்குள் நுழைவார். பிடித்த பிறகும் விலங்கு மாட்டுவதில் அவருக்கு அக்கறை இல்லை. முதல் கதையில் பாதிரி வேடத்தில் வரும் திருடன் ஃப்ளாம்போ, பின்னால் திருந்தி அவருக்கே நண்பனாகி, தானும் துப்பறிகிறான். சங்கர்லாலிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், நிஜப் பாதிரியார் ஒருவர். ரொனால்ட் நாக்ஸ். துப்பறியும் கதைக்கு 1929இல் பத்துக் கட்டளைகள் போட்டவர். ஐந்தாவது கட்டளை, கதையில் சீனர் யாரும் வரக்கூடாது என்பது. அக்காலத்து மலிவுக் கதைகளில் வில்லன் என்றாலே ஒரு மர்மச் சீனர் என்று இருந்ததைக் கிண்டல் செய்யப் போட்ட விதி அது. பாதிப் பேர் சீனர்களாக இருந்த எங்கள் வகுப்பில் இதை வாசித்ததும் கூரை பறந்தது. அப்படியானால் பினாங்கில் கதையே நடக்காது என்றான் பக்கத்து மேசைக்காரன். வேடிக்கை என்னவென்றால், நாக்ஸ் தன் நாவல்களில் துப்பறிய வைத்தது பாதிரியாரை அல்ல, காப்புறுதி நிறுவனத்து ஆளை.

பள்ளியை விட்ட பிறகும் இந்தப் பைத்தியம் தெளியவில்லை. சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளில் ஹாரி கெமல்மனைக் கண்டுபிடித்தேன். அவர் கதைகளில் துப்பறிகிறவர், அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரின் ரபி (யூத மதகுரு) டேவிட் ஸ்மால். முதல் நாவல் 1964இல் வந்தது. கொலையைவிட அதில் சுவையானது, ரபியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று நிர்வாகக் குழு அடித்துக்கொள்ளும் சண்டை. கோயில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்வந்த தமிழர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய, கேட்ஃபேல் என்ற துறவி துப்பறியும் வரிசையும் படித்தேன்: 1977 முதல் 1994 வரை 20 நாவல்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மடம், மூலிகைத் தோட்டம். கேட்ஃபேலும் பாதிரியார் அல்லர், பிரதர்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.

நான் படித்தவரை தமிழில் இப்படி ஒரு ஆள் இல்லை. ஏன் இல்லை? நம் கோயில் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்பதில்லை, சரி. ஆனால் அர்ச்சனைச் சீட்டு அவர் கையில்தானே வருகிறது? யார் பெயருக்கு, என்ன நட்சத்திரம், யார் பெயர் இந்த வாரம் விட்டுப்போயிற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் ஒரு வயதான குருக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள், முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் புறப்பட்டுவிட்டது. ஊரே ரதத்தின் பின்னால் போயிருக்கும் நேரத்தில், முகம் தெரியாத ஒருத்தி வந்து ஒரு பெயருக்கு அர்ச்சனை கேட்கிறாள். அந்தப் பெயர்க்காரருக்குப் போன மாதம்தான் கருமாதி நடந்தது. இறந்தவருக்கு யாரும் அர்ச்சனை செய்வதில்லை. எனக்கு இதற்கு மேல் கதை ஓடவில்லை. நம் சங்கத்தில் எழுதக்கூடியவர்கள் இருக்கிறீர்கள், அடுத்த மலருக்குள் கொலைகாரன் யாரென்று சொல்லுங்கள்.