எண்ணெயில் வாய் பிளக்காத உருளைக்கிழங்கு பூரண உருண்டை

ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒரு கிலோ கிழங்கில் பிடித்த உருண்டை அத்தனையும் எண்ணெயில் போன மாதிரியே முழுசாக வெளியே வந்தன. உருளைக்கிழங்குக்குள் பூரணம் வைத்துப் பொரிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு உருண்டை வாய் பிளந்தால் போதும். பட்டாணி வெளியே கொட்டி, எண்ணெய் பொங்கி நுரைத்து, அடுத்த ஈடு முழுக்கக் கரும்புள்ளி விழுந்துவிடும்.

இதற்குக் கான்ஃப்ளாரைக் கூட்டு, பிரெட்டை நனைத்துப் பிழிந்து சேர், மைதாக் கரைசலைக் கெட்டியாக்கு என்றுதான் எல்லாரும் வழி சொல்கிறார்கள். மாவு கூடக் கூட உருளைக்கிழங்கின் ருசி போய் மைதா போண்டா ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால், உருண்டை வெடிக்குமா வெடிக்காதா என்பது கிழங்கு வேகும்போதே முடிவாகிவிடுகிறது. கிழங்கில் தங்கிய தண்ணீர் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழி தேடி, நாம் மூடிய இடத்தைப் பிளக்கிறது. அதனால் என் வேலையெல்லாம் தண்ணீரைத் துரத்துவதில்தான்.

முதலில் கிழங்கு. கோவையில் இருப்பதால் மேட்டுப்பாளையம் மண்டி எனக்குப் பக்கம். நீலகிரிக் கிழங்கு, குஜராத் கிழங்கு, கோலார் கிழங்கு எல்லாம் அங்கே வந்து இறங்குகின்றன. சில்லறைக் கடையில் ரகம் கேட்டால் யாருக்கும் தெரியாது, ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-ல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா போல வறுவலுக்கென்றே வந்த ரகங்கள் பெரும்பாலும் சிப்ஸ் கம்பெனி பக்கம் போய்விடுகின்றன. நமக்கு உள்ளது உப்புத் தண்ணீர் சோதனைதான். 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்து, கிழங்கை உள்ளே விடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து கூடின கிழங்கு, உருண்டைக்கு அதுதான் வேண்டும். மிதப்பதைக் குழம்புக்கு ஒதுக்கிவிடலாம், எவ்வளவு கொதித்தாலும் துண்டு கரையாது.

இன்னொன்று, கிழங்கைக் குளிரில் வைக்கவே கூடாது. வட இந்தியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டுகிற கிழங்கு, குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் குளிரில் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகிவிடுகிறது. எண்ணெயில் போட்டதும் உள்ளே சூடு ஏறுவதற்குள் மேலே கறுத்துப்போவது அதனால்தான். ஆவணிக்கு அப்புறம் வாங்கும் கிழங்கு வேகவைத்தால் லேசாக இனிக்கிறதா? மீதியைக் கூடையில் போட்டு இருட்டான மூலையில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். சர்க்கரை பெருமளவு குறைந்துவிடும்.

வேகவைப்பது இட்லிக் கொப்பரையில். தோலோடு, முழுசாக, தண்ணீர் படாமல், ஆவியில் மட்டும். நடுத்தரக் கிழங்குக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவசரப்பட வேண்டாம். குக்கரில் தண்ணீரில் மூழ்கடித்தால் தோல் வெடித்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதை அப்புறம் எந்த மாவும் வெளியே எடுக்காது.

இப்போது என் முறுக்கு நாழிக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

வெந்த கிழங்கை மசிப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும் இடம். மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும். பிளேடு கிழங்கின் செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடுகிறது. மத்தால் மசித்தால் அங்கங்கே கட்டி நிற்கும். ஒரு சின்னக் கட்டி போதும், ஓடு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். கேரட் சீவியில் துருவினால் பாதி கையில் ஒட்டிக்கொள்ளும். முறுக்கு நாழியில் பிழிந்தால் கிழங்கு நசுங்காமல், அரைபடாமல், ஒரே சீராக இழை இழையாக வருகிறது. ஒவ்வொரு இழையைச் சுற்றியும் காற்றுப் படுவதால் ஆவியும் தானாகப் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் அத்தை சீராகக் கொண்டுவந்த பித்தளை நாழி இருக்கிறது. இரண்டு கையாலும் மேலிருந்து அழுத்துகிற பழைய மாதிரி. நான் முதலில் அதை எடுத்துவைத்தபோது, "என்ன கண்ணு, கெழங்குல முறுக்கா?" என்று கேட்டார். இப்போது கிழங்கு வெந்தவுடன் அவரே நாழியைக் கழுவித் துடைத்து வைத்துவிடுகிறார். கைப்பிடியைத் திருகிப் பிழியும் எவர்சில்வர் நாழியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. திருகும்போது அழுத்தம் எவ்வளவு என்று கைக்குத் தெரிவதில்லை. இதில் கிழங்கு எங்கே முரண்டு பிடிக்கிறது என்று உள்ளங்கையிலேயே தெரியும்.

தகடுதான் சிக்கல். இடியாப்பத் தகட்டின் துளை ரொம்பப் பொடி. அதில் பிழிய அவ்வளவு பலம் கொடுத்தால் கிழங்கு அரைபட்டுப் பசையாகத்தான் வரும். தேன்குழல் தகட்டில் துளை பெரிசு, கட்டி அப்படியே இறங்கிவிடுகிறது. காராச்சேவுத் தகட்டில் துளை அளவு சரி, ஆனால் ஏழெட்டு துளைதான் இருக்கும், தோள் வலி எடுத்துவிடும். எனக்கு வேண்டியது தகடு முழுக்க 3 மில்லிமீட்டர் துளை.

கோவையில் கணபதி பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பட்டறையில், "ஒத்தைப் பீசுக்கெல்லாம் மெஷின் ஓட்டறதில்லைங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினார்கள். பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற ஊரில் ஒரு தகட்டுக்கு நாலு இடம் அலைய வேண்டியிருந்ததில் எனக்கு நிஜமாகவே வருத்தம். கடைசியில் ஒரு பெரியவர் எடுத்துச் செய்தார். 2 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு, வட்டம் வட்டமாகத் துளை, அடிப்பக்கம் பிசிறு தட்டி மழுங்க விட்டுக் கொடுத்தார். அந்தப் பிசிறு எடுப்பது முக்கியம். விளிம்பு கூராக இருந்தால் இழை அறுந்து அறுந்து பொடியாக விழும். இந்தத் தகட்டைப் போட்டபின் ஒரு நாழிக் கிழங்கு ஒரே அழுத்தில் இறங்குகிறது. இவ்வளவு அருமையான சாமான் என் அடுப்படியில் வேறு இல்லை.

பிழிவது சூட்டோடு நடக்க வேண்டும். துணியில் பிடித்துத் தோலை உரித்து, ஆவி பறக்கப் பறக்க நாழிக்குள். ஆறிய கிழங்கு இறுகிவிடும், அப்புறம் பிழிந்தாலும் பயன் இல்லை. அகலத் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பிழிந்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். பிழிந்தவுடன் இழைகளின் மேல் ஈரம் மின்னும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த மினுக்கம் போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலான வெள்ளையாகிவிடும். விரல் நுனியால் தொட்டால் ஒட்டாது. அதுதான் பதம். அதற்கு முன்னால் மாவு சேர்க்க வேண்டாம். ஒரு கிலோ கிழங்குக்கு மூன்று டேபிள்ஸ்பூன் கான்ஃப்ளார், உப்பு, அவ்வளவுதான். சப்பாத்தி மாவு மாதிரி பிசையாமல், ஒன்றாகச் சேர்ந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும்.

பூரணம் உங்கள் இஷ்டம். நான் வைத்தது பச்சைப் பட்டாணி, இஞ்சி, பச்சைமிளகாய், சோம்பு, கொத்தமல்லி. வெங்காயம் வைத்தால் சுருள வதக்கி ஆறவிட்டுத்தான். கடைசியில் பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு ஸ்பூன் தூவிவிட்டால் மிச்சசொச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பூரணத்தை முதலிலேயே நெல்லிக்காய் அளவு உருண்டையாகப் பிடித்து வைத்துவிடுங்கள். கொழுக்கட்டைக்குச் செய்கிற மாதிரி சொப்பு செய்து, உருண்டையை உள்ளே வைத்து, காற்று நிற்காமல் கீழிருந்து மேலாக மூட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றும் சூட்டில் விரிந்து வெடிக்க வைக்கும்.

மேல்பூச்சுக்கு மைதாக் கரைசலில் தோய்த்து, நொறுக்கிய சேமியாவில் புரட்டுகிறேன். வறுக்காத சேமியாதான் சரி, வறுத்தது எண்ணெயில் சட்டென்று சிவந்துவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓடு இறுகும். எண்ணெய் 180 டிகிரி. உள்ளே எல்லாம் வெந்ததுதான், வெளியே நிறம் வந்தால் போதும். போட்டவுடன் கரண்டியால் தொடாதீர்கள். சேமியா இறுகி உருண்டை தானாக அசையும்போது திருப்பினால் போதும். செக்குக் கடலெண்ணெய் வாசத்துக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் புகைகிறது, ஈடு ஈடாகப் பொரிக்கும்போது நுரையும் கட்டுகிறது. இதற்கு மட்டும் நான் ரீஃபைண்ட் கடலெண்ணெய்க்கு மாறிவிட்டேன்.

தொட்டுக்கொள்ள ஒரு சாஸ் செய்துகொண்டிருக்கிறேன், அது இன்னும் முடியவில்லை. கடைத் தக்காளி சாஸின் தித்திப்பு இந்த உருண்டைக்கு ஆகவே ஆகாது. காயிலேயே கெட்டித்தன்மை வர வேண்டும், கான்ஃப்ளார் இங்கேயும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அதற்குப் பரங்கிக்காய் நன்றாக வருகிறது. தோல் சீவாமல் கனத் துண்டாக நறுக்கி, தோசைக்கல்லில் சதைப் பக்கம் படும்படி வைத்து மூடிவிட்டால், அடி சிவந்து தண்ணீர் சுண்டிவிடும். வேகவைத்தால் நீர்த்துப்போகும். கூடவே சிவப்புக் குடைமிளகாயை அடுப்புத் தீயில் நேரடியாகச் சுட்டு, பாத்திரத்தில் போட்டு மூடி வைத்து, கருகிய தோலைக் கையாலேயே உரித்துக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீரில் காட்டினால் சுட்ட வாசம் ஓடிவிடும். பச்சைக் குடைமிளகாய் போட்டால் நிறம் சேறாகிவிடுகிறது. சுட்ட தக்காளி இரண்டு, பூண்டு, ஊறவைத்த பியாட்கி மிளகாய் சேர்த்து அரைத்து, மிக்ஸி ஓடும்போதே நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பளபளப்பாகத் திரள்கிறது. பியாட்கியில் காரம் குறைவு, நிறம் அமோகம்.

புளிப்புதான் இன்னும் பிடிபடவில்லை. புளி விட்டால் கறுக்கிறது. வினிகர் விட்டால் சுட்ட வாசத்தை அமுக்கிவிடுகிறது. எலுமிச்சை அன்றைக்கு நன்றாக இருக்கிறது, மறுநாள் லேசாகக் கசக்கிறது. அடுத்து மாங்காயைச் சுட்டுப் போட்டுப் பார்க்கப் போகிறேன். கிளிமூக்கு மாங்காய் வரத்து குறைவதற்குள் செய்தாக வேண்டும்.

நடுவில் பெரு நாட்டு பாப்பா ரெய்யேனா வேறு மனசில் புகுந்துகொண்டது. உருளைக்கிழங்கு பிறந்த மலைநாடு அது. அங்கே மசித்த கிழங்குக்குள் வதக்கிய கொத்துக்கறி, அவித்த முட்டை, ஆலிவ், உலர்திராட்சை எல்லாம் வைத்து, முழுக் கிழங்கு போலவே நீளவாக்கில் பிடித்துப் பொரிப்பார்கள். பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த வெங்காயம். அந்த அளவுக்குப் பெரிய உருப்படி எண்ணெயில் பிளக்காமல் வர வேண்டுமென்றால் கிழங்கு எவ்வளவு உலர்ந்திருக்க வேண்டும்! என் நாழிக்கு அது சரியான பரீட்சை. கொத்துக்கறிக்குப் பதில் மிளகு போட்ட முட்டைப் பொடிமாஸ் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

லேத் பெரியவரிடம் இன்னொரு தகடு சொல்லியிருக்கிறேன், 4 மில்லிமீட்டர் துளை. சேனைக்கிழங்கு உருளையைவிட நார்ப்பாங்கு, 3 மில்லிமீட்டரில் அடைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்.