புழுக் குவியலில் போன இரண்டு இரவுகள்

நிரல் போட்டித் தளமான கோட்ஃபோர்சஸின் 474-பி, 'வொர்ம்ஸ்' கணக்குக்கு நான் எழுதிய நிரல் நேற்று நள்ளிரவில் ஒருவழியாக ஏற்கப்பட்டது. குவியல் குவியலாக இருக்கும் புழுக்களுக்கு முதல் குவியலிலிருந்து வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள்; ஒரு புழுவின் எண்ணைச் சொன்னால் அது எந்தக் குவியலில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தேர்ந்தவர்கள் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும் கணக்கு. எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

குவியல்கள் 1 லட்சம் வரை, கேள்விகளும் 1 லட்சம் வரை. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் குவியலிலிருந்து எண்ணினால் ஆயிரம் கோடி படிகள். அந்தத் தவற்றை நான் செய்யவில்லை. இந்தப் பதிவில் பெருமைப்பட அது ஒன்றுதான் இருக்கிறது. கணக்கோடு தரும் மாதிரியில் உள்ள 2, 7, 3, 4, 9 என்ற குவியல்களைக் கூட்டிக்கொண்டே போய் 2, 9, 12, 16, 25 என்று வைத்துக்கொண்டேன். 11-ஆம் புழு எங்கே? 11-க்குக் குறையாத முதல் கூட்டுத்தொகை 12, ஆகவே மூன்றாம் குவியல். இடது, வலது எல்லைகளுக்கு நடுவே பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துவிடும் இருமத் தேடலுக்கு 17 படிகள் போதும்.

பைத்தான் மொழியில் இந்தத் தேடலைச் செய்துதரும் பைசெக்ட் தயாராக இருக்கிறது. கையால்தான் எழுதுவேன் என்று வீம்பு பிடித்தேன்.

முதல் இரவு, நடு எண் தேடும் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் 'இடது = நடு' என்று எழுதியிருந்தேன். முதல் கேள்விக்கு 1 என்ற விடை ஒழுங்காக வந்தது. 25-ஆம் புழுவுக்கு நிரல் அப்படியே நின்றுவிட்டது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன் (நிரலில் இடங்களை 0-இலிருந்து எண்ணுவேன்): இடது 3, வலது 4, நடு 3. மறுபடியும் இடது 3. விடியும்வரை விட்டிருந்தாலும் அங்கேயேதான் சுற்றியிருக்கும்.

மறுநாள் 'இடது = நடு + 1' என்று திருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அழகு என்று 'வலது = நடு - 1' என்றும் மாற்றிவைத்தேன். மாதிரியின் 1, 25, 11 என்ற கேள்விகளுக்கு 1, 5, 3 வரவேண்டிய இடத்தில் 1, 5, 2 வந்தது. 12 என்ற விடையையே கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்திருக்கிறேன்! நடுவே விடையாக இருக்கக்கூடும் என்பதால் 'வலது = நடு' என்றுதான் இருக்க வேண்டும். இது உறைக்க ஒரு மணி நேரம் ஆனது.

ஜாவா மொழியின் நூலகத்துக்குத் தாம் எழுதிய இருமத் தேடலில் ஒரு பிழை ஏறக்குறைய 9 ஆண்டுகள் ஒளிந்திருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-இல் எழுதினார். அதைப் படித்த பிறகுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

மொத்தப் புழுக்களே 10 லட்சம்தான் என்பதால், ஒவ்வொரு புழுவுக்கும் அதன் குவியல் எண்ணைப் பட்டியலில் நிரப்பிவிட்டால் தேடலே வேண்டாம் என்கிறான் நண்பன். சரிதான். அவனிடம் இரண்டு நாள் பேசப்போவதில்லை.

பைசெக்ட் கொண்டு ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று குறித்துவைத்தேன். அதற்குள் அதே தளத்தின் 706-பி கண்ணில் பட்டது. கையிலுள்ள காசுக்கு எத்தனை கடைகளில் பானம் வாங்கலாம் என்ற கணக்கு. விலைகளை வரிசைப்படுத்தி, நேற்றைய தேடலை அப்படியே ஒட்டினேன். மாதிரியின் நான்கு விடைகளில் மூன்று சரி. மிகக் குறைந்த விலையே 3 காசு. என் நிரலோ 1 காசு வைத்திருப்பவனுக்கும் ஒரு கடையைக் காட்டுகிறது.