மூன்று சீட்டுக்கும் ஒரே பேஸ்

எங்கள் ஹால் 17 அடி நீளம், 12 அடி அகலம். செங்கல் சுவர், டைல்ஸ் தரை; பேஸை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. டிவி பக்கத்து மூலையில் ஒரே ஒரு சப்வூஃபர் (பேஸை மட்டும் கொடுக்கும் ஸ்பீக்கர்) இருந்தவரை, மூன்று சீட் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அதிரும். நடுவில் உட்கார்ந்தவருக்கோ அதே பாட்டில் பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் காணாமல் போகும்.

கணக்கு எளிதுதான். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே எத்தனை அடி என்று அளந்து, 565-ஐ அதால் வகுத்தால் அந்தத் திசையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அறையே சேர்ந்து அதிரும் அதிர்வெண், ஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். எங்களுக்கு நீளவாக்கில் 33, அகலவாக்கில் 47. முதல் ஒத்ததிர்வு சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நடுவில் படுத்துவிடும். நடு சீட் அகலத்தின் சரி மையத்தில் இருந்ததால் 47 அங்கே எட்டவே இல்லை. யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கைக் காது உயரத்தில் நிறுத்தி, ஆர்இடபிள்யூ என்ற அளவீட்டு மென்பொருளில் ஸ்வீப் (தாழ்ந்த ஒலியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி) ஓட்டிப் பார்த்தால், வரைகோட்டில் அதே 47-இல்தான் பள்ளம். (ஸ்வீப் 40-ஐத் தாண்டும்போது ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்று ஆடும். அளப்பதற்கு முன் அதற்கு ஒரு வழி செய்துவிடுங்கள்.)

ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) போட்டால் போதாதா என்பார்கள். நடு சீட்டுக்காக 47-ஐ ஏற்றினால் ஓரத்தில் இருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். சப்வூஃபரின் இடத்தை மாற்றினால்தான் உண்டு.

செவ்வக அறைக்கு நான்கு சுவர்களின் மையத்திலும் ஒவ்வொரு சப், அல்லது எதிரெதிர் சுவர்களின் மையத்தில் இரண்டு என்பது ஹார்மன் ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம். நான்குக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. அதே மாடலில் இன்னொன்று வாங்கி இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். முன், பின் சுவர்களின் மையத்தில் வைத்த சப், 47-ஐக் கிளப்புவதே இல்லை. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் தள்ளும்போது 33-உம் அடங்கிவிடுகிறது.

பின்சுவரின் மையத்தில் கதவு. அதனால் பின் சப் ஒன்றரை அடி இடப்பக்கம் நகர்ந்தது, 47 மறுபடி தலைதூக்கியது. முன் சப்பை அதே ஒன்றரை அடி வலப்பக்கம் நகர்த்தினேன், அடங்கிவிட்டது. பதிலுக்கு 57 பக்கம் ஓர சீட்டுகளில் சின்ன மேடு. அது போகட்டும்.

அடுத்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஏவிஆரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர்) ஆட்டோ செட்டப், பின் சப் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதைச் சுமார் 10 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தும், சத்தத்தையும் குறைக்கும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் தள்ளினால்தான் 33 அடங்கும். தாமதம் போட்டதும் அது பழையபடி எழுந்து நிற்கிறது. ஆகவே ஒரே சப் அவுட்டிலிருந்து, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, இரண்டிலும் வால்யூமை ஒரே இடத்தில் வைத்து, ஃபேஸ் (அலை முன்பின் நகரும் அளவு) குமிழையும் பூஜ்யத்தில் விட்டேன். ஏவிஆருக்கு இப்போது ஒரே சப்தான் தெரியும்.

66-இல் ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. அது நீளவாக்கின் இரண்டாவது ஒத்ததிர்வு. அறையின் முக்கால் நீளத்தில் படுத்துவிடும். காது பின்சுவரிலிருந்து மூன்றரை அடியில், அதாவது அந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது. சோபாவை ஓரடி பின்னால் தள்ளியதும் பள்ளம் பெருமளவு தூர்ந்தது. காசு செலவில்லாத திருத்தம் இதுதான்.

கடைசியில்தான் ஈக்யூ. மூன்று சீட்டிலும் அளந்த கோடுகள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டதால், ஒரே அமைப்பு எல்லோருக்கும் பொருந்தியது. மேடுகளை மட்டும் வெட்டினேன், பள்ளத்தில் எதையும் ஏற்றவில்லை.

ஒன்று மட்டும். 33-இல் அறை சும்மா கொடுத்துக்கொண்டிருந்த அதிர்வு போய்விட்டதால், முதலில் கேட்கும்போது பேஸ் குறைந்துவிட்டது என்றே தோன்றும். சப் அளவை 3 டெசிபல் ஏற்றிவிட்டு, ஒரு வாரம் எதையும் தொடாமல் கேளுங்கள்.